ஆறாம் அத்தியாயம்: உலர்புல்லை ஒதுக்கும் முயல்

இறம்பொடைக் கணவாயை அடுத்த தோட்டங்களில் முயல் வளர்க்க விரும்புவோர், சீதோஷ்ணத்தைப் பொறுத்தமட்டில், பாக்கியசாலிகள் என்றே சொல்லவேண்டும். வீட்டு முயலின் பூர்வீக பூமி ஸ்பெயினும் போர்த்துக்கலும் அடங்கிய ஐபீரியத் தீபகற்பம். நமது பற்றைகளில் ஓடித்திரியும் காட்டு முயல் முற்றிலும் வேறோர் இனம். ஆதலால் கொழும்பின் புழுக்கத்திலும் யாழ்ப்பாணத்து வெயிலிலும் இளைத்துத் தவிக்கும் வீட்டு முயல், கம்பளையைக் கடந்து புசல்லாவை வழியாக மேலேறி இந்த மலைச்சரிவை வந்தடைந்ததும், தன் இயல்பான உற்சாகத்தைப் பெற்றுவிடுகிறது. தமிழகத்திலும், மத்திய செம்மறியாட்டு, உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்பிராந்திய நிலையம், கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூர் என்னும் குளிர்ந்த மலையூரிலேயே முயல்களை வளர்த்து வருவது கவனிக்கத்தக்கது.

ஆயினும், முயலின் சரீரத்துக்கு இவ்வளவு அனுகூலமான இதே மலைக்காற்று, அதன் பிரதான ஆகாரமாகிய உலர்ந்த புல்லுக்குக் கொடிய பகையாக இருக்கிறது. 109 மீட்டர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை அருவியின் சாரலும், பிற்பகல்களில் கணவாயில் வந்து படியும் மூடுபனியும், மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவை நனைத்துக்கொண்டேயிருக்கும் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழையும் ஒன்றுகூடி, நேற்று நறுமணம் கமழ்ந்த புல்லைச் சில நாட்களுக்குள் துவண்டதாகவும் மணமிழந்ததாகவும் பூஞ்சணம் பிடித்ததாகவும் ஆக்கிவிடுகின்றன. “எங்கள் முயல் புல்லைத் தொடுவதேயில்லை, அதற்கு நாக்கு நீண்டுவிட்டது” என்று முறையிடும் வீடுகளில், முயலின் பிடிவாதத்தை விசாரிப்பதற்கு முன்னர் புல்லின் ஸ்திதியை விசாரிப்பதே கிரமம் என்பது இந்நூலாசிரியரின் உறுதியான அபிப்பிராயம்.

புல்லின் அவசியத்தை முதலில் உணர்ந்துகொள்ள வேண்டும். உணராதவர் பின்வரும் பிரயாசைகளை மேற்கொள்ளமாட்டார். முயலின் வாயிலுள்ள 28 பற்களும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. முன்பற்கள் வாரமொன்றுக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. அவ்வளர்ச்சிக்கு ஈடான தேய்மானம் உண்டாவது, புல்லில் இயற்கையாகவே பொதிந்துள்ள சிலிக்காவும் நாரும் பற்களுக்கிடையில் அகப்பட, கீழ்த்தாடை பக்கவாட்டில் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் அசைந்து அரைக்கும் அரைப்பினாலேயாகும். பெல்லட் தீவனத்தையும் பாணையும் கரட்டையும் மேலுங்கீழுமாக நொறுக்கி விழுங்கியே வாழும் முயலுக்கு இந்த அரைப்பு வாய்ப்பதில்லை. அதன் கடைவாய்ப் பற்கள் கூர்முனை கொண்டு வளர்ந்து, நாவையும் கன்னத்தையும் கிழிக்கின்றன. குடலின் காரியமும் அத்தகையதே. நீண்ட நார் குடலை ஓயாமல் இயங்கச் செய்கிறது. நுண்ணிய பகுதிகள் குருட்டுக்குடலில் தங்கி நொதித்து, பளபளப்பான மென்மையான கொத்துக்களாக வெளிவர, அவற்றை முயல் தன் வாயாலேயே எடுத்து உண்டு, அவற்றிலுள்ள புரதத்தையும் விற்றமின்களையும் பெற்றுக்கொள்கிறது. இதனைக் கண்டு அருவருத்துத் தடுப்பவர் சிலர் உளர். தடுத்தல் முயலுக்குச் செய்யும் அநியாயம். மாச்சத்தும் இனிப்பும் மிகுந்த ஆகாரத்தால் குடல் கெட்ட முயல், அந்தக் கொத்துக்களை உண்ணாமல் கூட்டில் மிதித்து அப்பிவைக்கும். அது புல் குறைந்துவிட்டதென்பதற்கு ஒரு நிச்சயமான அடையாளம். வளர்ந்த முயலின் நாளாந்த ஆகாரத்தில் நூற்றுக்கு 80 பங்கு புல்லாகவே இருத்தல் வேண்டும் என்று மிருக வைத்தியர் சொல்வது இக்காரணங்களை முன்னிட்டேயாகும்.

புல்லை மறுக்கும் முயலைக் கண்டவுடன் செய்யத்தக்க முதற்காரியம், அது நோயுற்றிருக்கிறதா என்று பார்ப்பதாகும். மோவாயின் கீழ் மயிர் நனைந்திருத்தல், ஆவலோடு ஒரு புல்லை வாயிலெடுத்துப் பின் கீழே போட்டுவிடுதல், மென்மையான இலையை மட்டும் தெரிந்து உண்ணுதல், முதுகைக் குவித்து ஒரு மூலையில் அசையாதிருத்தல், புழுக்கை சிறுத்தோ நின்றோ போதல் என்னும் இவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் காலதாமதம் கூடாது. கடைவாய்ப் பற்களை வீட்டிலுள்ளோர் கண்ணால் பார்த்துவிட முடியாது. முயலின் வாய் ஒடுங்கியது, உள்ளே நோக்க வைத்தியரின் கருவி வேண்டும். அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை முதலில் நாடலாம். அங்கு இயலாதெனில், இறம்பொடையிலிருந்து கீழிறங்கும் பிரதான வீதியே பேராதனைக்குச் செல்கிறது, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தைச் சார்ந்த போதனா வைத்தியசாலை அங்கே இருக்கிறது. முன்பு நன்றாகப் புல் தின்ற முயல் திடீரென்று நிறுத்திவிட்டதாயின், அதனை ஒருபோதும் ருசிபேதமென்று கொள்ளலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. “பசித்தால் தானாகத் தின்னும், கிண்ணத்தை எடுத்துவிடு” என்று ஆடுமாடு வளர்த்த அனுபவமுள்ள பெரியவர்கள் சொல்வார்கள். அவர்களுடைய அனுபவம் மரியாதைக்குரியது. ஆனால் முயலின் விஷயத்தில் அந்த உபாயம் உயிருக்கே அபாயம். முயலுக்கு வாந்தியெடுக்கும் சக்தி கிடையாது. அதன் வயிறு வெறுமையாக நிற்க இயற்கை இடங்கொடுக்கவில்லை. எதுவும் உண்ணாமல் 12 மணி நேரம் கழிந்தாலே குடலின் இயக்கம் ஸ்தம்பிக்கத் தொடங்கி, வாயு நிறைந்து, ஈரல் கெட்டு, இரண்டொரு நாளில் மரணம் நேரிடலாம். கொழுத்த முயலுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். எனவே பட்டினி போட்டுப் புல்லுக்குப் பழக்கும் எண்ணத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். இவ்வத்தியாயத்தில் வரும் மாற்றங்களனைத்தும் படிப்படியாகச் செய்யத்தக்கவை.

நோயில்லை என்று தெளிந்தபின், கண்ணை முயலின் கிண்ணத்தின்மேல் செலுத்துக. தோட்டத்து லயங்களில் முயல் என்பது வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அனைவருக்கும் செல்லப்பிராணி. பாண் துண்டு, ரொட்டியின் விளிம்பு, பிஸ்கட், வாழைப்பழம், சந்தையிலிருந்து வந்த கரட் என்று ஒவ்வொருவரும் அன்போடு ஒவ்வொன்றை நீட்டுகிறார்கள். இவற்றோடு கடையில் வாங்கிய பெல்லட்டும் கிண்ணம் நிறைய இருந்தால், முயல் ஏன் புல்லை நாடவேண்டும்? இனிப்பையும் மாவையும் முதலில் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்வது அதன் சுபாவம். அடர்ந்த உணவு கிடைக்கும்போது அதனை விட்டுவிடாமல் உண்டுகொள்ளுமாறு இயற்கை அதற்குக் கற்பித்திருக்கிறது. பாணையும் பிஸ்கட்டையும் இந்நூலாசிரியர் முற்றாக நிராகரிக்கிறார். அவற்றால் முயலுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நுவரெலியா மாவட்டத்தில் மலிந்து கிடைக்கும் கரட்டை, கிழங்காகவன்றி, அதன் தழையாகச் சிறிதளவு கொடுக்கலாம்; கிழங்கு வாரத்தில் இரண்டொரு மெல்லிய வில்லைக்கு மேற்படாதிருப்பது நலம். லீக்ஸ், வெங்காயத் தாள், உருளைக்கிழங்கின் இலை ஆகியவை முயலுக்கு நஞ்சு. கோவா இலையைக் கட்டுக்கட்டாகக் கொடுப்பதால் வயிறு ஊதும்.

பெல்லட்டை ஒரேயடியாக நிறுத்துவது தவறு. வளர்ந்த முயலுக்கு 1 கிலோ உடலெடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டியதில்லை. 2 கிலோ முயலாயின் 50 கிராம். இப்பொழுது அதனிலும் அதிகம் கொடுத்து வருபவர்கள், மூன்று நான்கு வாரங்களில் சிறுகச் சிறுகக் குறைத்து இந்த அளவுக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில், ஒரே வேளையில், முயலை ஒரு கூடையில் இருத்தி நிறுத்துப் பார்த்து எடையைக் குறித்துவைத்தல் அவசியம். கொழுந்து நிறுக்கும் தராசு இதற்குப் போதிய நுட்பமுடையதன்று, சமையலறைத் தராசே உகந்தது. மெலிவு தெரிந்தால் குறைப்பதை நிறுத்தி, பற்களை மறுபடி காட்டவேண்டும். பெல்லட்டை மாலையில் ஒருவேளை மட்டும் கொடுத்து, இரவு முழுவதும் காலையிலும் புல் மாத்திரம் முன்னிருக்கச் செய்வது நல்ல ஏற்பாடு. வீட்டிலுள்ளோர் எல்லோரும் இதில் உடன்பட்டால்தான் பலன் உண்டு; தாய் குறைத்ததைப் பாட்டி இரகசியமாக நிரப்பிவிடும் வீட்டில் எந்த உபாயமும் பலிக்காது. பிள்ளைகளுக்கு எதையாவது ஊட்டும் ஆசை இருந்தால், பாணுக்குப் பதிலாக ஒரு கொத்தமல்லித் தண்டையோ புதினா இலையையோ அவர்கள் கையில் கொடுத்துவிடலாம்.

இனிப் புல்லைப் பற்றிய பிரதான விஷயத்துக்கு வருவோம். முயலுக்குத் தன் மூக்கின் கீழுள்ள பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்கள் தலையின் இருபுறத்திலும் அமைந்திருப்பதால், வாயருகிலுள்ள உணவை அது மணத்தாலும் மீசை மயிரின் ஸ்பரிசத்தாலும் உதட்டாலும் பரிசோதித்தே ஏற்கிறது அல்லது தள்ளுகிறது. மணமற்ற புல் அதற்கு உணவென்றே தோன்றுவதில்லை. பூஞ்சணத்தின் நாற்றம் நம் மூக்குக்கு எட்டுமுன்னரே அதன் மூக்குக்கு எட்டிவிடுகிறது. நல்ல உலர்புல்லை ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் இனிய நறுமணம் வரவேண்டும். நிறம் இளம் பச்சையாகவோ பொன்கலந்த பச்சையாகவோ இருக்கவேண்டும். உதறினால் தூசி பறக்கலாகாது. சாம்பல் நிறப் படலமோ, நெடியோ, கையில் பிசுபிசுப்போ இருந்தால் அதனை முயலுக்குப் போடாமலிருப்பதோடு, கூட்டில் விரிப்பாகவும் உபயோகிக்கலாகாது.

கடையிலிருந்து வரும் தீமோத்திப் புல் முதலிய வெளிநாட்டு உலர்புல் விலை மிகுந்தது. நெடுந்தூரம் பிரயாணம் செய்து வந்த பொதியைத் திறந்ததும் இம்மலையின் ஈரக்காற்று அதனைப் பற்றிக்கொள்கிறது. வைக்கோலோ எளிதில் கிடைக்கிறது: 1985ஆம் ஆண்டு கொத்மலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பள்ளத்தாக்கின் வயல்கள் பல நீரில் அமிழ்ந்துவிட்ட போதிலும், எஞ்சிய வயல்களிலிருந்து இன்றும் வைக்கோல் கட்டுக்கள் மேலே வருகின்றன. எனினும் நெல்மணி முற்றி உதிர்ந்தபின் எஞ்சும் தாளில் போஷணை மிகக் குறைவு. அது முயலுக்குப் படுக்கையாகலாமேயன்றிப் பிரதான உணவாகாது. முயலுக்கு வேண்டியது, பூத்துக் கதிர்விடுமுன் இலை மிகுந்த பருவத்தில் அறுத்து உலர்த்திய புல்லாகும். அதனை இங்கேயே தயாரித்துக்கொள்வது சாத்தியம் மட்டுமன்று, மிக்க சுலபமும் ஆகும்.

மலைநாட்டில் எங்கும் வளரும் கினிப்புல் இதற்கு மிகப் பொருத்தமானது. மறுமுறை துளிர்த்து ஐந்தாறு வாரமான இளம்புல்லையே அறுக்கவேண்டும். முற்றிய தண்டை முயல் ஒதுக்கிவிடும். நுவரெலியாவை நோக்கி மேலே செல்லச் செல்லத் தரையோடு படரும் கிக்குயூ புல்லும் நன்று, மென்மையானது. கோயம்புத்தூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு இலங்கையில் மாட்டுக்காரரிடையே பரவியுள்ள சி.ஓ.3 என்னும் கலப்பு நேப்பியர் புல்லின் தண்டு பருத்திருப்பதால் உலர நாட்கள் பிடிக்கும். அதன் இலையைப் பச்சையாகக் கொடுப்பதே மேல். பழைய தேயிலையைப் பிடுங்கியபின், மறுநடுகைக்கு முன் மண்ணைத் தேற்றும் பொருட்டு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை வளர்க்கப்படும் குவாத்தமாலாப் புல்லின் இளந்தழையும் உதவும். அப்புல் தோட்டத்தின் சொத்தாதலால் துரையின் அனுமதி பெற்றே அறுக்கவேண்டும். அதே நோக்கத்துக்காக நடப்படும் மானாப் புல் எண்ணெய் மணம் மிக்கது. அதனை முயலுக்கு உணவாக நாடவேண்டியதில்லை.

எங்கே அறுப்பது என்பது எதை அறுப்பது என்பதைப்போல் முக்கியமானது. கிளைபோசேட்டு என்னும் களைநாசினி 2015ஆம் ஆண்டு இந்நாட்டில் தடைசெய்யப்பட்டு, 2018ஆம் ஆண்டு தேயிலை, றப்பர்ப் பயிர்களுக்கு மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆகவே தேயிலை மலையின் ஓரத்திலும் அதன் கீழ்ச்சரிவிலும் வளரும் புல்லை, மருந்தடித்தவர்களை விசாரியாமல் எடுக்கலாகாது. மரக்கறித் தோட்டங்களின் வரப்புப் புல்லில் பூச்சிநாசினி படிந்திருக்கும். பிரதான வீதியின் ஓரத்தில், வாகனங்கள் முனகி ஏறும் வளைவுகளில் வளர்ந்த புல்லையும் தவிர்க்கவேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஒரு சிறு துண்டு நிலத்தில் கினிப்புல் பதிந்துகொள்வோருக்கு இந்தச் சந்தேகங்களெல்லாம் இல்லை. அறுக்கும்போது நாயுண்ணியும் ஊமத்தையும் பன்னமும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும்; அவை நஞ்சுள்ளவை. தேயிலைக் கொழுந்தில் கஃபீன் இருப்பதால், அது கையருகே கிடைப்பினும் முயலுக்கு ஆகாது.

ஜனவரி தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரையுள்ள வரண்ட காலமே உலர்த்துவதற்கு உரிய காலம். பனி உலர்ந்தபின் முற்பகலில் அறுத்து, படங்கின்மேல் மெல்லிய பரப்பாக விரித்து, பகலில் மூன்று நான்கு முறை புரட்டிவிட வேண்டும். மூடுபனி இறங்குமுன் அள்ளி இஸ்தோப்புக்குள் சேர்த்துவிடவும் வேண்டும். இதில் தோட்டத்து மக்களுக்குப் பிறர்க்கில்லாத ஓர் அறிவு கைவசம் இருக்கிறது. ஸ்டோரில் கொழுந்தை வாட்டுவதைப்போலவே புல்லும் காற்றோட்டத்தால் ஈரத்தை இழக்கவேண்டும், தடித்த குவியலாகக் கிடந்தால் உள்ளே சூடேறிக் கெடும். ஆனால் கொழுந்து வாடித் துவளுகிற அளவோடு நிறுத்தப்படுகிறது. புல்லோ அதனையும் கடந்து, நூற்றுக்கு 15 பங்கு ஈரத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும். துவண்ட நிலையில் புல் உலர்ந்துவிட்டதாக எண்ணிச் சாக்கில் அடைப்பதாலேயே பெரும்பாலான சேமிப்பு பாழாகிறது.

ஈரம் போதிய அளவு நீங்கியதா என்று அறிய, நாட்டுப்புறங்களில் கையாளப்படும் உப்புச் சோதனை மிகவும் நம்பத்தக்கது. நன்கு உலர்ந்த ஒரு கண்ணாடிப் போத்தலில், சிறு துண்டுகளாக வெட்டிய புல்லோடு ஒரு கரண்டி உலர்ந்த உப்பைச் சேர்த்து மூடி, இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்குக. உப்பு கட்டிபட்டால் ஈரம் இன்னும் மிகுதி. உதிரியாகவே இருந்தால் சேமிக்கலாம். தண்டின் கணுவை முறுக்கினால் பச்சென்று நெளியாமல் ஒடியவேண்டும் என்பது இன்னொரு அடையாளம். பச்சைப்புல் 4 கிலோவுக்கு உலர்புல் ஏறக்குறைய 1 கிலோ கிடைக்கும். 2 கிலோ எடையுள்ள முயலுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் வரை செலவாகுமென்று கொண்டால், மே முதல் செப்டெம்பர் வரையிலான ஐந்து மாதத்துக்கு 15 கிலோ. மழைக்கால நட்டத்தையும் சேர்த்து 20 கிலோ வைத்துக்கொண்டால், 80 கிலோ பச்சைப்புல்லை வரண்ட காலத்தில் அறுக்கவேண்டும். சில வாரங்களில் சிறுகச் சிறுக முடித்துவிடக்கூடிய வேலைதான் இது.

சேமிக்கும் இடத்தில் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். ஈரம் படாதென்று கருதி அடுப்புக்கு மேலுள்ள பரணில் புல்லை அடுக்குகிறார்கள். உலர்ந்திருக்கும், சந்தேகமில்லை, ஆனால் விறகுப் புகை ஊறிய புல்லை முயல் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பொலித்தீன் உறையில் இறுக்கி மூடினால் உள்ளிருக்கும் சொற்ப ஈரமும் வெளியேற வழியின்றிப் பூஞ்சணமாகிறது. காற்றுப் புகும் சாக்கில் தளர்வாக நிரப்பி, சீமெந்துத் தரையிலும் சுவரிலும் படாமல், பலகையின்மேலோ கொடியில் தொங்கவிட்டோ வைப்பதே தகுந்த முறை. முயலுக்குப் போடுவதைச் சிறு பகுதியாக எடுத்து, மீதியை உடனே கட்டிவிட வேண்டும். பழைய தேயிலைப் பெட்டி கிடைக்கும் வீட்டார், உள்ளே ஒட்டியுள்ள உலோகத் தாளையும் துருத்திய ஆணிகளையும் நீக்கிவிட்டு, அதனைச் சேமிப்புக்குப் பயன்படுத்தலாம். மழைநாளில் மணம் குன்றிய, ஆனால் பூஞ்சணம் பிடிக்காத புல்லை, சூடாக்கி அடுப்பிலிருந்து இறக்கிய அகன்ற சட்டியில் சில நிமிடம் புரட்டியெடுத்தால், மணம் மீண்டு வரும். பலமுறை மறுத்த முயல் அவ்வாறு இளஞ்சூட்டில் புரட்டிய புல்லை உடனே எடுத்துக்கொள்வதுண்டு. வெயில் கண்ட அரைமணி நேரமும் அதே பயனைத் தரும்.

மழைக்காலத்தில் உலர்புல் போதாதெனில் கவலைப்பட வேண்டாம். பச்சைப்புல் பற்களையும் குடலையும் பேணுவதில் உலர்புல்லுக்கு இளைத்ததன்று. அதுவே முயலின் ஆதி உணவு. நனைந்த புல்லைத் தின்றால் வயிறு ஊதிச் சாகும் என்று சொல்லக் கேட்கிறோம். அத்தகைய கேட்டுக்கு முக்கிய காரணங்கள், நனைந்த புல்லைக் குவித்துவைத்துச் சூடேறி நொதித்தபின் போடுவதும், பழக்கமில்லாத முயலுக்கு ஒரே நாளில் நிறையக் கொடுப்பதும் ஆகும். அறுத்தவுடன் பீலி நீரில் அலசி, அட்டைகளும் நத்தைகளும் போக உதறி, இஸ்தோப்பில் பரப்பி நீர் வடியவிட்டு, முதல் நாள் ஒரு சிறு பிடியில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு நாட்களில் கூட்டிக்கொண்டு போகவேண்டும். புல்வெட்டும் இயந்திரம் அரைத்துத் தள்ளிய துகள் விரைவில் புளித்துப்போகும், அதனைத் தவிர்க்கவும். உலர்புல்லையே அறியாத முயலுக்கு, பச்சைப்புல்லோடு பாதி வாடிய புல்லையும், பின்பு நன்கு உலர்ந்ததையும் கலந்துகொடுத்து வருவது சுலபமான ஏணிப்படியாகும்.

வைக்கும் இடத்தாலும் முறையாலும் முயலின் ஆவலைத் தூண்டலாம். மலங்கழித்துக்கொண்டே மெல்லுவது முயலின் வழக்கம். ஆகையால் அது வழக்கமாக மலங்கழிக்கும் தட்டின் மறுகோடியில் புல் தட்டியை அமைத்தால், தான் அறியாமலே தின்னத் தொடங்கும். மூங்கிற் கீற்றுக்களாலான தட்டி போதும். தலை சிக்காத இடைவெளியும், முயலின் வாய் எட்டும் தாழ்வும் வேண்டும். தட்டியிலிருந்து இழுத்துத் தின்பதை விரும்பாத சில முயல்கள், வெறும் கடதாசிப் பெட்டியில் நிரப்பிய புல்லுக்குள் புகுந்து படுத்துக்கொண்டே தின்பதை விரும்பும்; இரண்டையும் வைத்துப் பார்ப்பதில் நட்டமொன்றுமில்லை. நறுக்கிய புதினாவையும் கொத்தமல்லித் தழையையும் புல்லுக்குள் மறைத்து வைத்தால், தேடும்போது வாயில் புல்லும் அகப்படும். பெல்லட்டிலும் சிலவற்றை அவ்வாறே தூவலாம். முயலின் விழிப்பு விடியலிலும் அந்தியிலும் மிகுதி. பெரட்டுக்குப் புறப்படுமுன் ஒருமுறையும் வேலை முடிந்து திரும்பிய பின் ஒருமுறையும் புதுப்புல் போட்டு, பழையதை அகற்றவேண்டும். மீதியைக் கண்டு வீண்போகிறதே என்று வருந்தலாகாது; முயல் தன் மனத்துக்கேற்ற இலைகளைப் பொறுக்கியெடுத்துத் தின்னும், எஞ்சிய தண்டு தேயிலைச் செடியின் தூருக்கோ மரக்கறிப் பாத்திக்கோ மூடாக்காகும். தண்ணீரைப் போத்தலின் குழாயில் வைப்பதைவிட அகன்ற கனமான சட்டியில் வைத்தால் அதிகமாகக் குடிக்கும். தாகம் தீராத முயல் உலர்ந்த ஆகாரத்தை நாடுவதில்லை. இன்னொரு முயலோடு பழகி வாழும் முயல், துணையைப் பார்த்துத் தானும் தின்னக் கற்றுக்கொள்வதுண்டு. ஆனால் புல்லுக்காக மட்டும் இரண்டாவது முயலை வாங்கிவிட வேண்டாம், அவற்றை இணைப்பது தனிக் கலை, அதனை வேறோர் அத்தியாயத்தில் காண்க.

பலன் எப்போது தெரியும் என்பதைப் புழுக்கையைப் பார்த்தே அறியலாம். புல் மிகுந்து தின்னும் முயலின் புழுக்கை பருத்து, உருண்டு, வெளிறிய பொன்னிறமாக, விரலால் நசுக்கினால் நார்த்தூளாக உதிரும். சிறுத்துக் கறுத்து இறுகியிருந்தால் இன்னும் குறை உண்டு. நல்ல புல்லும் சரியான அளவுப் பெல்லட்டும் கிடைத்த பிடிவாதமான முயலும் சில வாரங்களில் மாறத் தொடங்கும். ஒரு வகைப் புல்லை இரண்டு வாரம் வைத்தும் தொடவில்லையாயின் வேறு வகையை முயல்க. கினிப்புல்லை மறுத்த முயல் கிக்குயூவை விரும்பலாம். எவ்வாறாயினும், மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒன்றுக்குப் போதிய அவகாசம் கொடுக்கவேண்டும்.

ஆறு மாதத்துக்குட்பட்ட இளம் முயலின் விஷயத்தில் இந்த அளவுகள் பொருந்தா. வளரும் குட்டிக்குப் பெல்லட்டைக் குறைக்கலாகாது, புல்லை மட்டும் ஓயாமல் முன்வைக்க வேண்டும். இளமையில் பலவகைப் புல்லை அறிந்த முயல் முதுமையில் புதியதை மறுப்பது அரிது. ஆகவே கண்டியிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ குட்டியை வாங்கிவருவோர், விற்பவரிடம் அதற்கு என்ன தீவனம் எவ்வளவு கொடுக்கப்பட்டதென்று கேட்டறிந்து, அத்தீவனத்தில் இரண்டு வாரத்துக்குப் போதுமானதையும், அது தின்று பழகிய புல்லில் ஒரு கட்டையும் உடன் வாங்கிக்கொண்டு, வீடு வந்தபின் நம் புல்லை அதனோடு நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கலந்துவர வேண்டும்.